இது எரிசேரி இல்லை

குடிவந்த மூன்றாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எதிர் போர்ஷன்காரரிடம் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கும்படி சொல்லப் போனேன். மாடி நடை முழுக்க ஒரு மணம் நிறைந்திருந்தது. சூடான எண்ணெய், வெங்காயம், கருவாடு மாதிரி ஏதோ ஒன்று, அதற்கு நடுவே வெந்த வாழைக்காயின் மெல்லிய இனிப்பு. அப்போதுதான் துவைத்த துணிகளை நடையில் காயப் போட்டிருந்தேன். எரிச்சல் வந்தது.

கதவு விரியத் திறந்து கிடந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண், ஒல்லியாக, உயரமாக, அடுப்பின் முன் நின்றிருந்தார். நைட்டிக்கு மேலே மஞ்சள் நிறத்தில் நீலப் பறவைகள் அச்சிட்ட ஒரு துணியை இடுப்பில் சுற்றியிருந்தார். கீழே இருக்கும் வீட்டுக்காரரின் அக்கா, டீச்சராக இருந்தவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"டீச்சர், மணம் எங்க வீட்டுக்குள்ள வருது" என்றேன்.

"வந்தாச்சா? அப்போ வெந்திருக்கும்" என்று சொல்லி அடுப்பை அணைத்தார்.

"இல்ல... கதவக் கொஞ்சம் சாத்திக்கிட்டா..."

"கதவச் சாத்திட்டு வைக்கதுக்கு நான் என்ன சாராயமா காச்சுகேன்? வா மக்களே, ஒரு வாய் தின்னுட்டு சண்டை பிடி."

முதல் வாயிலேயே சண்டையை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. காரம் மூக்கில் ஏறியது. ஏத்தன் வாழைக்காயும் சீனிக்கிழங்கும் காரத்துக்குள் இனித்தது குழப்பமாக இருந்தது. நான்காவது வாயில்தான் கை தானாகக் கிண்ணத்துக்குப் போனது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா இருக்கா?" என்று கேட்கவில்லை. அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கிண்ணத்தைக் கீழே வைக்கும்போதுதான் படத்தைப் பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே வரும் யார் கண்ணிலும் முதலில் படும் இடத்தில், ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு புகைப்படம். நீல நிறத்தில் பெரிய அங்கி, தலையில் ஒரு பக்கம் சாய்ந்த தொப்பி, கன்னங்கரேலென்ற முகம், எல்லாப் பல்லும் தெரியும் சிரிப்பு.

"எனக்க மாப்பிள" என்றார் டீச்சர். "நைஜீரியாக்காரரு. இந்தச் சாப்பாடு அவருக்க ஊரு."

அந்த வீடு மலையாள மாநிலத் தலைநகரில், கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. என் கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை, எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு. வாடகை பேசும்போதே வீட்டுக்காரர் என் கணவரிடம் ஒரு கதை சொல்லியிருந்தார். அக்காவின் கணவர் கல்ஃபில் எஞ்சினியராக இருந்தவர், அங்கேயே தவறிவிட்டார் என்று. சந்து முழுக்கவும் சர்ச் முழுக்கவும் அந்தக் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் போகிற இடமெல்லாம் அதை உடைத்துக்கொண்டே போனார்.

காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஏதோ ஃபுட்பால்காரனா சேச்சி?" என்று மலையாளத்தில் கேட்டார். "எனக்க கெட்டினவரு. ஃபிசிக்ஸ் சாரு. பந்தக் கண்டா ஓடிருவாரு" என்றார் டீச்சர். அந்த ஆள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். சர்ச்சில் ஒரு பெண்மணி, பாவம், மிஷன் ஊழியத்துக்குப் போன இடத்தில் என்னென்ன கஷ்டமெல்லாம் பட்டீர்களோ என்று இரக்கப்பட்டபோது, "ஊழியத்துக்குப் போவல்ல. கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்கப் போனேன். அங்க ஒரு ஆளப் பிடிச்சுது, கெட்டினேன்" என்றாராம். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வேறு பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்.

டீச்சரின் குடும்பம் பாறசாலைப் பக்கம். இளவயதில் ஆசிரியை வேலைக்கு விமானம் ஏறியவர், நைஜீரியாவின் இபாதானில் உடன் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அப்பா பதில் போடவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலே யாரும் பதில் போடவில்லை. கணவர் சிறுநீரகக் கோளாறில் இறந்த பிறகு, அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று தம்பியிடமிருந்து போன் வந்தது. டீச்சர் வந்தார். இரண்டு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டார். அம்மா போனபின் தம்பி மாடியைக் கொடுத்தார். தம்பியும் கெட்டவரில்லை. அக்காவுக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்கிவருவது அவர்தான். ஊர் என்ன பேசுமோ என்ற பயம் மட்டும் அவருக்கு எப்போதும் தீரவில்லை.

சனிக்கிழமைகளில் நானும் டீச்சரோடு சாலைக்குப் போக ஆரம்பித்தேன். அவர் ஏத்தங்குலையைத் தேடுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். பச்சையும் வேண்டாம், பழமும் வேண்டாம். பாதி மஞ்சள் ஏறிய செங்காய் வேண்டும்.

"உப்பேரி வறுக்கப் பச்சை, பழம்பொரிக்குப் பழம். இது ரெண்டுங்கெட்டான், அம்மா" என்பார் கடைக்காரர். அவர் தென்காசிக்காரர்.

"எனக்கு ரெண்டுங்கெட்டான்தான் வேணும்."

மாலத்தீவுக்காரர்கள் வைத்தியத்துக்கு வந்து தங்குகிற ஊர் இது. அவர்களுக்காக ஒரு கடையில் குடை மாதிரிச் சுருங்கிய மாலி மிளகாய் கிடைக்கும். அதன் வாசனை இபாதான் மிளகாயின் வாசனையேதான் என்பார். உணக்கச் செம்மீன், அதாவது காய்ந்த இறால், எங்கும் கிடைத்தது. சிவப்புப் பனையெண்ணெய்தான் பாடு. கொல்லத்துப் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் மாதத்துக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து தருவார். அது இல்லாத வாரம் டீச்சர் அந்தக் குழம்பை வைக்கவே மாட்டார். "தேங்காயெண்ணெய் ஊத்தினா என்ன?" என்று ஒருமுறை கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஏத்தங்காயைத் தோல் சீவிப் பெரிய துண்டுகளாக நறுக்குவார். சீனிக்கிழங்கும் அதே அளவு. தக்காளி, வெங்காயம், மாலி மிளகாய் மூன்றையும் கரகரப்பாக அரைத்து, கிழங்கு பாதி வெந்ததும் அதன்மேல் ஊற்றி, சிவப்பு எண்ணெயையும் இடித்த செம்மீனையும் சேர்ப்பார். காய் வெந்ததும் கரண்டியின் பின்புறத்தால் நாலைந்து துண்டுகளை மட்டும் மசிப்பார். அவை கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். மற்றவை முழுசாகக் கிடக்கும். கடைசியில் தொட்டியில் வளர்த்த ராமதுளசியைக் கிள்ளிப் போட்டு மூடுவார். துளசியையா மீனில் போடுவது என்று நான் பதறியபோது, "அவுங்க ஊரில இது குழம்புக்குள்ள இலை. இங்க வந்ததும் சாமியாயிட்டுது. நான் என்ன செய்ய?" என்றார்.

பார்க்க எனக்கு அது காயும் தேங்காயும் சேர்த்து மசிக்கும் நம் எரிசேரி மாதிரியே இருக்கும். ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். "கொஞ்சம் தேங்காய வறுத்துப் போட்டா அசல் எரிசேரிதான் டீச்சர். யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லிரலாம்."

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "எரிசேரி வேணுமெங்கி எரிசேரி வை. நல்ல சாதனம்தான், நானும் திங்கேன். ஆனா இது எரிசேரி இல்ல. இதுக்குப் பேரு அசாரோ. சொல்லு."

"அசாரோ."

"மதி." போதும் என்று தலையசைத்துக் கரண்டியை எடுத்தார்.

சமையல் முடிந்ததும் போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்துவைத்து மகளைக் கூப்பிடுவார். மகள் லாகோஸில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சிரிப்பு, அம்மாவின் நெற்றி. "அம்மா" என்பது மட்டும் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம். டீச்சர் பாத்திரத்தைப் போனுக்கு நேரே சாய்த்துக் காட்டுவார். மகள் எட்டிப் பார்த்து, தண்ணீர் அதிகம் என்று குறை சொல்வாள். ஒரு ஞாயிறு, படிப்பு முடிந்ததும் அங்கே வரட்டுமா என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. டீச்சர் அன்றே கீழே போய்த் தம்பியிடம் சொன்னார். தம்பி யோசித்துவிட்டு, "வரட்டும் அக்கா. தம்பானூர்ல நல்ல ஓட்டல்ல ரூம் போட்டுத் தாறேன்" என்றார்.

திரும்பி மாடியேறி வந்த டீச்சர் என் வாசலில் நின்றார். "சொந்த மாமன் வீட்டுக்கு வாற பிள்ளைக்கு ஓட்டல்ல ரூம்" என்றார்.

அந்த வருஷம்தான் தம்பியின் மகளுக்கு வரன் வந்தது. மார்த்தாண்டத்துக் குடும்பம், பையன் வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் தம்பி மாடிக்கு வந்தார். என் கதவும் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"அக்கா, நான் உன்னப் போவச் சொல்லல்ல. ஒரு நாளு. அந்தப் படத்தக் கட்டிலுக்க அடியில வை. நாளைக்கு அந்தக் கறி வைக்காத. கதவச் சாத்திட்டு இரு. பிள்ளைக்க காரியம் இல்லியா?"

தம்பி திரும்பும்போது என்னிடமும் நின்றார். "ஆராவது கேட்டா நம்ம கதைதான், கேட்டேளா? கல்ஃப், எஞ்சினியர்."

நான் தலையாட்டினேன். சுமுகமான வீட்டுக்காரர். தண்ணீர் கஷ்டமில்லாத வீடு. ஒரு பெண்ணின் கல்யாணம். தலையாட்ட எனக்குக் காரணங்கள் இருந்தன.

ஞாயிறு பதினொரு மணிக்கு நடையில் மணம் வந்தது.

கீழே கார் நின்றது. பேச்சும் சிரிப்பும் கேட்டன. காப்பி முடிந்தபின் பையனின் அம்மாவும் சித்தியும் மொட்டைமாடியைப் பார்க்கவென்று படியேறி வந்தார்கள். நான் நடையில் நின்றிருந்தேன். சித்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அங்க ஆரு இருக்கா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரரோட அக்கா" என்றேன். "அவுங்க வீட்டுக்காரர் கல்ஃப்ல எஞ்சினியரா இருந்தாரு. தவறிட்டாரு."

சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். என்னைத்தான் முதலில் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். படியில் கால் தவறினவர் கைப்பிடியைத் தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

பிறகு அவர்களிடம் திரும்பினார். "இவ சொன்னது கள்ளம். பயந்து சொல்லுகா, அவளக் குத்தம் சொல்லாதீங்க. உள்ள வாங்க, ஆளக் காட்டித்தாறேன்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். போகாமல் இருக்கும்படியான குரலில் அவர் அழைக்கவில்லை. படத்துக்கு முன் நிறுத்தி, பெயரைச் சொன்னார். என்ன பாடம் நடத்தினார், எந்த வியாதியில் போனார் என்று சொன்னார். மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொன்னார். "உங்க மகன் இந்த வீட்டில பொண்ணெடுத்தா, இவரு பெரியப்பாவாட்டு வருவாரு. எனக்க மவ அவனுக்குத் தங்கச்சி முறையாட்டு வருவா. தெரிஞ்சுட்டு எடுக்கணும் இல்லியா?" என்று சொல்லி, இரண்டு கிண்ணத்தில் பரிமாறி நீட்டினார்.

சித்தி வாங்கவில்லை. அம்மா வாங்கினார். ஆனால் சாப்பிடவில்லை. கிண்ணத்தை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து வேண்டாம் என்று தகவல் வந்தது. ஜாதகம் பார்க்கிற குடும்பமில்லை. அதனால் வேறு ஏதோ காரணம் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தம்பியின் மகள் மாடிக்கு வந்து கத்தினாள். இருபத்தைந்து வயது, அமைதியானவள், அவள் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை. "ஒரு நாளு அத்தே! ஒரே ஒரு நாளு! எனக்காவ உங்களால ஒரு நாளு முடியல்லியா?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "ஒரு நாளு அவர எடுத்துக் கட்டிலுக்க அடியில வச்சேன்னு வை. அந்த ஒரு நாளு எனக்க மவளுக்கு அப்பன் கெடையாது. நாளைக்கு அவ இந்த வீட்டுப் படி ஏறும்பம் ஆரு மவளாட்டு ஏறுவா?"

"அப்போ நான்?"

டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டே இறங்கிப் போனாள். அன்றைக்கு டீச்சர் செய்தது சரியா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பாதி நாள் சரி என்று படுகிறது. பாதி நாள் அந்தப் பெண்ணின் குரல் கேட்கிறது.

டீச்சர் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. நான் போய் நின்றபோது ஒன்றுதான் சொன்னார். "அவரு ஒருக்கா செத்தாரு. அது மதி."

தம்பி போகச் சொல்லவில்லை. டீச்சரே வீடு தேடத் தொடங்கினார். நானும் கூடப் போனேன். போகிற வீடெல்லாம், வாடகை கேட்பதற்கு முன், தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன், பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து நீட்டுவார். "இவரு எனக்க மாப்பிள. இவருக்க படத்த ஹால்ல மாட்டுவேன். எனக்க மவ வந்து தங்குவா. சம்மதமா?" ஆட்கள் பலவிதமாக மறுத்தார்கள். மகனுக்கு வீடு தேவைப்படுகிறது என்றார்கள். பெயின்ட் அடிக்கவேண்டும் என்றார்கள். ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். தன் விரலைத் துடைத்தாரா, படத்தையா என்று எனக்குப் புரியவில்லை. பழவங்காடிக்குப் பின்னால் ஒரு தமிழ் வியாபாரி, படத்தைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், மீன் சமைப்பேளா?" என்று கேட்டார். "சமைப்பேன்" என்றார் டீச்சர். "அப்போ நடக்காது. நாங்க சைவம்." தெருவுக்கு வந்ததும் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை பேரிலயும் நேரா காரணம் சொன்னவன் இவன் ஒருத்தன்தான்!"

மணக்காட்டில் ஒரு முஸ்லிம் உம்மாவின் வீட்டு மேல்மாடி கிடைத்தது. உம்மா படத்தைப் பார்த்து, "நல்ல சிரிப்பு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அங்கேதான் நான்கு வருஷம் இருந்தார். ஞாயிறுதோறும் நான் போவேன். தம்பி போகவில்லை. இப்போது டீச்சர் இபாதானில், மகளோடு.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். தம்பியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவளோடு வேலை பார்த்த பையன். அத்தையைப் பற்றி அவளே முதல் நாளே அவனிடம் சொல்லிவிட்டாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இருக்கும்போது, பத்திரிகைக் கட்டோடு மணக்காட்டுக்கு வந்தாள். வாசலில் கொஞ்சம் தயங்கினாள். டீச்சர் கிண்ணத்தை எடுத்துப் பரிமாறி அவள் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் பழசைப் பேசவில்லை.

"லாகோஸ் அக்காளையும் வரச் சொல்லுங்க அத்தே" என்றாள். "நம்ம வீட்டிலதான் தங்கணும். அப்பாட்ட சொல்லியாச்சு. பத்திரிகைல மாமா பேரையும் போடச் சொன்னேன்."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். குடும்பத்தார் பெயர்களுக்கு நடுவே 'காலஞ்சென்ற திரு. ஓ. சாமுவேல்' என்று இருந்தது.

"இது ஆரு?"

"மாமாதான் அத்தே. மாமாக்கு சாமுவேல்னும் பேருண்டு இல்லியா? பொய்யில்லன்னு அப்பா சொன்னாரு..." அவள் குரல் இறங்கியது.

"இந்த ஓ. சாமுவேல எனக்குத் தெரியாது. களியக்காவிளையில எறங்கி நின்னு கூப்பிட்டா பத்து சாமுவேல் திரும்பிப் பாப்பான்."

அந்தப் பெண் பத்திரிகையைப் பார்த்தாள், சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அத்தையிடம் நீட்டினாள்.

டீச்சருக்கென்று கொடுத்தவை நாற்பது. அவற்றை மேஜையில் பரப்பினோம். டீச்சரின் கை அந்த வருஷம் நடுங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு எழுத்துக்கு மேல் கோடு நேராக வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானே எடுத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க டீச்சர்."

"சாமுவேல். எடம் விடு. ஒ... லா... த்து... ஞ்சி."

"ஒலாத்துஞ்சி. துஞ்சின்னா தமிழ்ல உறங்குறதுதானே?"

"தமிழ்ல உறங்கும். அவுங்க பாஷையில அது திரும்ப முழிக்கது. எழுது."

'ஓ. சாமுவேல்' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினேன், நாற்பதிலும். அந்தப் பெண் ஒவ்வொன்றாக ஊதிக் காயவைத்து அடுக்கினாள். கிளம்பும்போது டீச்சர் ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். "இது தம்பிக்கு. நீ கீழ வழியாட்டுத்தானே போவ?"

நான் அப்போதும் தம்பி வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பத்திரிகை மடியில் கிடந்தது. கல்யாணத்துக்குச் சொந்தக்காரரிடமே அவர் அச்சடித்த பத்திரிகையைத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்பது கிள்ளிப்பாலம் வந்தபோதுதான் உறைத்தது.

தம்பி வாசலில் பந்தல்காரர்களிடம் பேசிக்கொண்டு நின்றார். பத்திரிகையை வாங்கிப் பிரித்தார். அடித்த இடத்தில் கண் நின்றது.

"அக்காக்க எழுத்து இல்லியே. இது ஆரு எழுதினது?"

"நான்தான் எழுதினேன்."

பந்தல்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர்க் குழாயை மூடினாள். தம்பி பத்திரிகையைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்து, உதட்டை அசைத்துப் பார்த்தார். வரவில்லை. நாற்பது வருஷமாகச் சொல்லாத பெயர் அது.

"இத எப்படி வாசிக்கது?" என்று கேட்டார்.

கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் என்னிடம் இருந்தது ஒரே பதில்தான். சந்தின் கோடிவரை கேட்கும்படி வாசித்தேன்.